பரணில் கிடக்கும் போட்டோ ஃப்ரேமில் லினக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது, பழைய வேட்டியில் சுற்றிவைத்த 10 அங்குல டிஜிட்டல் போட்டோ ஃப்ரேம் ஒன்று கையில் அகப்பட்டது. கிரகப்பிரவேசத்துக்கு யாரோ மொய்க்குப் பதிலாகக் கொடுத்தது. பெட்டியில் போட்டிருந்த கம்பெனிப் பெயரை அதற்கு முன்பும் பின்பும் நான் கேள்விப்பட்டதில்லை. கைபேசியிலிருந்து படம் வாங்க அது நம்பியிருந்த சர்வர் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. ஆன் செய்தால் இணைய இணைப்பைச் சரிபாருங்கள் என்று ஒரே பல்லவி. அதில் டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஓட வைக்க இரண்டு வாரச் சாயங்காலங்கள் பிடித்தன. இப்போது ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் "எங்க வீட்லயும் ஒண்ணு கிடக்கு" என்று ஆரம்பிக்கிறார்கள். அவர்கள் கேட்டவையும், நானே விழித்துக்கொண்டு நின்ற இடங்களும் கீழே.

என் ஃப்ரேமில் லினக்ஸ் ஓடுமா?

திறந்து சிப்பைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. அட்டைப்பெட்டியில் இருக்கும் மாடல் நம்பரை நம்ப வேண்டாம். ஒரே நம்பர், ஒரே வெளிக்கூடு, உள்ளே வேறு வேறு போர்டு என்பது இந்த வியாபாரத்தில் சகஜம்.

தோராயமாக மூன்று ரகம் உண்டு. வைஃபை இல்லாமல் எஸ்டி கார்டையும் பென் டிரைவையும் மட்டும் படிக்கும் பழைய ஃப்ரேம்கள் முதல் ரகம். ஜேபெக் படத்தைப் பிரித்துத் திரைக்கு அனுப்புவதைத் தவிர வேறெதற்கும் செய்யப்படாத சிப், சில எம்பி ரேம், அவ்வளவுதான் இருக்கும். சாவிக்கொத்தில் மாட்டும் குட்டி ஃப்ரேம்கள் இன்னும் எளியவை: சிட்ரானிக்ஸ் எஸ்டி2205யூ சிப்புக்குள் இருப்பது 6502 குடும்பத்து 8 பிட் கரு, ஆப்போடெக் ஏஎக்ஸ்206-க்குள் இருப்பது 8051. இவற்றில் லினக்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கீழே வேறு வழி சொல்கிறேன்.

இரண்டாவது ரகம் நடுவில் நிற்பது. கைபேசிகளில் இருக்கும் ஏஆர்எம் வகைச் சிப் இருக்கும், நினைவகம் மட்டும் சொற்பம். பேரட் நிறுவனத்தின் டிஎஃப்3120 இதற்கு நல்ல உதாரணம். 3.5 அங்குலத் திரை, 320×240 புள்ளிகள், ப்ளூடூத், ஏஆர்எம்9 வகைச் சிப், வெறும் 8 எம்பி ரேம். ஸ்ப்ரைட் என்ற பெயரில் எழுதும் யெரூன் டோம்பர்க் அதில் லினக்ஸை ஓட வைத்துக் காட்டினார். 8 எம்பியில் கர்னலும் (லினக்ஸின் மையப்பகுதி) பிஸிபாக்ஸும் (அடிப்படைக் கட்டளைகளின் சிறு தொகுப்பு) உட்கார்ந்த பிறகு உங்கள் நிரலுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆனாலும் கடிகாரம், வெப்பநிலை, அடுத்த பஸ் எப்போது என்பது மாதிரி காரியங்களுக்குத் தாராளம்.

மூன்றாவது ரகம், 2012-க்குப் பிறகு பெருகிய வைஃபை ஃப்ரேம்கள். பெயர்தான் ஃப்ரேம், உள்ளே இருப்பது பேட்டரி இல்லாத மலிவு டேப்லெட். ஆல்வின்னர் ஏ33, ராக்சிப் ஆர்கே3126 போன்ற சிப்புகள், 512 எம்பி அல்லது 1 ஜிபி ரேம், அதன் மேல் ஏதோ ஒரு பழைய ஆண்ட்ராய்டு. என்னுடையது ஏ33. இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

8 பிட் சிப்பிலேயே ஒருவர் லினக்ஸ் ஓட்டினாராமே?

உண்மை. 2012-இல் திமித்ரி கிரின்பெர்க் என்பவர் ஏடிமெகா1284பி என்ற 8 பிட் சிப்பில் ஏஆர்எம் சிப்பைப் போல நடிக்கும் ஓர் எமுலேட்டரை எழுதி, அதற்குள் லினக்ஸை ஏற்றினார். கட்டளை வரி வந்து நிற்க ஏறக்குறைய 2 மணி நேரம் ஆனது. முடியும் என்பதற்கும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் உள்ள தூரம் அது.

எப்படித் திறப்பது, எதைப் பார்ப்பது?

பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். ரப்பர் பாதத்துக்கு அடியில் ஒன்று, ஸ்டிக்கருக்கு அடியில் ஒன்று ஒளிந்திருக்கும். பிறகு விளிம்பில் காலாவதியான ஏடிஎம் கார்டைச் செருகிச் சுற்றிக் கொண்டு வந்தால் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடும். ஸ்க்ரூடிரைவரைப் போட்டு நெம்பினால் திரையின் ஓரம் விரியும். ஸ்பீக்கர் வயரும் வைஃபை ஆன்டெனா வயரும் பின்மூடியில் ஒட்டியிருக்கலாம், சடாரென்று இழுக்காதீர்கள்.

போர்டில் பெரிய சதுரச் சிப்பின் மேல் எழுத்து மங்கலாக இருக்கும். கைபேசி டார்ச்சைச் சாய்வாக அடித்துப் படம் எடுத்துப் பெரிதாக்கினால் தெரியும். அதன் பக்கத்தில் ரேம், ஃப்ளாஷ், மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் சிப் என மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். வைஃபை, அஞ்சல்தலை அளவில் தனித் துண்டாகப் பற்றவைத்திருக்கும். அதன் நம்பர் மிக முக்கியம். திரையைத் தூக்க முடிந்தால் அதன் முதுகில் ஒட்டியிருக்கும் பேனல் நம்பரையும் எடுங்கள்.

உள்ளே ஆண்ட்ராய்டு இருக்கிறது என்றால் லினக்ஸ் கர்னல் ஏற்கெனவே இருக்கிறதே. எதற்கு மாற்ற வேண்டும்?

நியாயமான கேள்வி. படம் காட்டுவது மட்டும்தான் உங்கள் தேவை என்றால் மாற்ற வேண்டியதில்லை என்பதே என் பதில். யூஎஸ்பி வழியாகவோ வைஃபை வழியாகவோ ஏடிபி இணைப்பு (கணினியிலிருந்து ஆண்ட்ராய்டுக்குக் கட்டளை அனுப்பும் வழி) கிடைக்கிறதா பாருங்கள். கைபேசியிலிருந்து படம் வாங்கும் ஃப்ரேமியோ செயலியோடு வரும் ஃப்ரேம்களில் அதை இயக்க அமைப்புகளுக்குள்ளேயே வழி வைத்திருக்கிறார்கள். பெயரில்லாத ஃப்ரேம்கள் பலவற்றில் அது திறந்தே கிடக்கும். அது கிடைத்துவிட்டால் வேறொரு ஸ்லைடுஷோ செயலியை ஏற்றி, பழைய செயலியை முடக்கிவிட்டு, காபி குடிக்கப் போகலாம். பத்தில் எட்டுப் பேருக்கு இதோடு விஷயம் முடிந்தது என்பது என் அபிப்பிராயம்.

எனக்கு அது போதவில்லை. ஏ33-க்கான அந்த ஆண்ட்ராய்டின் கர்னல் 3.4. அந்த வரிசை 2012-இல் வந்தது, திருத்தங்கள் நின்று வருடங்களாகின்றன. அதை வீட்டு வைஃபையில் இருபத்துநாலு மணி நேரமும் விட்டு வைக்க மனம் வரவில்லை. அப்புறம், கர்னலுக்குரிய ஜிபிஎல் உரிமப்படி அதன் மூல நிரலை வாங்கியவருக்குத் தர வேண்டும். விற்றவருக்கு மூன்று முறை எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. அந்தக் கடுப்பும் ஒரு காரணம்.

ஏன் ஆல்வின்னர் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்கிறார்கள்?

ஏ33 உயிர்பெற்றதும் முதலில் எஸ்டி கார்டைத்தான் பார்க்கும். அங்கே பூட்லோடர், அதாவது இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரல், இருந்தால் அதை ஏற்றிக்கொள்ளும். இல்லாவிட்டால்தான் உள்ளிருக்கும் ஃப்ளாஷுக்குப் போகும். இந்த வரிசை சிப்புக்குள்ளேயே பதிந்தது, தயாரிப்பாளர் நினைத்தாலும் மாற்ற முடியாது. ஆகவே ஃப்ரேமின் சொந்த நினைவகத்தைத் தொடாமலே முழு லினக்ஸையும் கார்டிலிருந்து ஓட்டலாம்.

இரண்டாவது அதிர்ஷ்டம், ஆட்கள். லினக்ஸ்-சன்க்ஸி என்ற தன்னார்வலர் கூட்டம் வருடக்கணக்காக இந்தச் சிப்புகளைக் குடைந்து, யூ-பூட் என்ற பூட்லோடரிலும் அதிகாரபூர்வக் கர்னலிலும் ஆதரவைச் சேர்த்துவிட்டது. க்யூ8 என்று சொல்லப்படும் 7 அங்குல மலிவு டேப்லெட்டுகளுக்காக, ஏ33 சிப்புக்கு 800×480 திரை, 1024×600 திரை என இரண்டு அமைப்புகள் யூ-பூட்டோடே வருகின்றன. பெயரில்லாத ஃப்ரேமின் போர்டு பெரும்பாலும் அந்த டேப்லெட்டின் ஒன்றுவிட்ட தம்பிதான்.

தொடங்கும் முன் எதைக் காப்பாற்றி வைக்க வேண்டும்?

ரூட் எனப்படும் முழு அனுமதியோடு ஏடிபி கிடைத்தால் உள் ஃப்ளாஷின் ஒவ்வொரு பகுதியையும் டிடி கட்டளையால் நகல் எடுத்து லேப்டாப்பில் வையுங்கள். எட்டு கால் சீரியல் ஃப்ளாஷ் உள்ள பழைய போர்டு என்றால் கிளிப் மாட்டி, ஃப்ளாஷைப் படிக்கவும் எழுதவும் உதவும் சிஎச்341ஏ ப்ரோகிராமரும் ஃப்ளாஷ்ராம் மென்பொருளும் கொண்டு எடுக்கலாம். கறுப்பு நிறத்தில் மலிவாக வரும் அந்த ப்ரோகிராமர் தரவுக் கால்களில் 5 வோல்ட் விடும் என்பதை மறக்காதீர்கள், 3.3 வோல்ட் சிப்புகள் எல்லாம் அதைப் பொறுத்துக்கொள்ளாது. ஒரே நகலை இரண்டு தடவை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லை என்றால் கிளிப் சரியாக உட்காரவில்லை.

ஆல்வின்னரில் இன்னொன்று உண்டு, அதுதான் பொக்கிஷம். போர்டின் ஜாதகம் முழுவதும் ஸ்கிரிப்ட் பின் என்ற சின்னக் கோப்பில் இருக்கும்: திரையின் அளவுகள், பின்விளக்கை எந்தக் கால் இயக்குகிறது, வைஃபை எங்கே, டச் எங்கே என்று எல்லாம். ஆண்ட்ராய்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவகத்திலிருந்து அதை உருவி எடுக்கும் கருவி சன்க்ஸி தொகுப்பில் இருக்கிறது. எடுத்ததை ஃபெக்ஸ் வடிவத்துக்கு மாற்றினால் மனிதர் படிக்கும்படி வரும். இதை மட்டும் எடுக்காமல் மேலே போக வேண்டாம்.

திரைக்கான எண்களை எப்படிக் கண்டுபிடிப்பது? வெள்ளையாக நிற்கிறது.

எனக்கும் அப்படித்தான் நின்றது. ஒரு முழுச் சாயங்காலம் தின்ற இடம் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

ஃபெக்ஸ் கோப்பில் திரைப் பகுதியில் என்னுடையதில் இருந்தவை இவை: அகலம் 1024, உயரம் 600, புள்ளிக் கடிகாரம் 51 மெகாஹெர்ட்ஸ், கிடைமட்ட மொத்தம் 1344, கிடைமட்டப் பின்தாழ்வாரம் 160, கிடைமட்டத் துடிப்பு 1, செங்குத்து மொத்தம் 635, செங்குத்துப் பின்தாழ்வாரம் 23, செங்குத்துத் துடிப்பு 1. தாழ்வாரம் என்று நான் சொல்வது, படம் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் திரை வெறுமனே காத்திருக்கும் இடைவெளியை. துடிப்பு என்பது, புது வரியோ புதுப் படமோ தொடங்குகிறது என்று திரைக்குச் சொல்லும் சைகை.

யூ-பூட் இதே விவரத்தை வேறு கணக்கில் கேட்கும். ஆல்வின்னரின் பின்தாழ்வாரத்துக்குள் துடிப்பும் அடக்கம். யூ-பூட்டில் இரண்டும் தனித்தனி. ஆகவே இடது இடைவெளி 160-இல் 1 போக 159. வலது இடைவெளி, மொத்தம் 1344-இல் அகலம் 1024-ஐயும் 160-ஐயும் கழித்தால் 160. மேல் இடைவெளி 23-இல் 1 போக 22. கீழ் இடைவெளி 635-இல் 600-ஐயும் 23-ஐயும் கழித்தால் 12. சரிபார்க்கவும் வழி உண்டு: 1024, 159, 160, 1 நான்கையும் கூட்டினால் 1344 வர வேண்டும், 600, 22, 12, 1 நான்கையும் கூட்டினால் 635. அப்புறம் 1344-ஐ 635-ஆல் பெருக்கினால் 8,53,440. 51 மெகாஹெர்ட்ஸை அதால் வகுத்தால் நொடிக்கு ஏறக்குறைய 60 தடவை திரை புதுப்பிக்கப்படுகிறது என்று வரும். அது 60-க்குப் பக்கத்தில் இல்லாமல் 40 என்றோ 90 என்றோ வந்தால் எங்கோ கூட்டல் தப்பு.

நான் துடிப்பைக் கழிக்காமல் விட்டிருந்தேன். படம் ஒரு புள்ளி நகர்ந்திருந்தது, பெரிய விஷயமில்லை. வெள்ளைத் திரைக்குக் காரணம் வேறு. பேனலுக்கு மின்சாரம் கொடுக்கும் கால் எண்ணைத் தவறாக எழுதிவிட்டேன். பின்விளக்கு எரிகிறது, பேனலுக்கு உயிர் இல்லை: அப்போது வெள்ளைதான் தெரியும். விளக்கே எரியாமல் இருட்டாக இருந்தால் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் பேனல் சரி, விளக்கின் கால்தான் தப்பு.

யூ-பூட்டில் படம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அது தயார் செய்த படச்சட்டகத்தை (திரைக்கான நினைவக இடம்) அப்படியே கர்னல் ஏற்றுக்கொள்ளும். கர்னலுக்குத் தனியாகப் பேனல் விவரம் சொல்ல வேண்டியதில்லை. குறை என்னவென்றால் ராத்திரி பின்விளக்கைக் குறைக்கும் வசதி தானாக வராது, அதை டிவைஸ் ட்ரீயில் (போர்டில் எது எங்கே என்று கர்னலுக்குச் சொல்லும் கோப்பு) நீங்களே சேர்க்க வேண்டும்.

எஸ்டி கார்டைத் தயார் செய்வது எப்படி?

கார்டின் தொடக்கத்திலிருந்து 8 கிலோபைட் தள்ளி யூ-பூட்டை எழுத வேண்டும். முதல் பகுதியை (பார்ட்டிஷன்) 1 எம்பிக்கு அப்பால் தொடங்குங்கள். அதில் 32 பிட் ஏஆர்எம் சிப்புகளுக்கான டெபியனின் ஏஆர்எம்எச்எஃப் பதிப்பை டிபூட்ஸ்ட்ராப் கருவி மூலம் விரித்து, கர்னலையும் க்யூ8 டேப்லெட்டுக்கான டிவைஸ் ட்ரீ கோப்பையும் வைத்து, யூ-பூட் படிக்கும் எக்ஸ்ட்லினக்ஸ் அமைப்புக் கோப்பில் இரண்டின் இடத்தையும் எழுதினால் போதும்.

ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்தேன். பகுதி அட்டவணையைப் பழைய எம்பிஆர் முறையில் போடுங்கள். புதிய ஜிபிடி முறையின் அட்டவணை கார்டின் முதல் 17 கிலோபைட்டை எடுத்துக்கொள்ளும். 8-ஆவது கிலோபைட்டில் யூ-பூட்டை எழுதியதும் அட்டவணை கெட்டுப்போகும். அட்டவணையைப் பழுது பார்த்தால் யூ-பூட் போகும். இரண்டையும் மாற்றி மாற்றிச் சரிசெய்துகொண்டு நான் இருந்ததைப் பார்த்து என் மகள் சிரித்தாள்.

சீரியல் இணைப்பு கட்டாயம் வேண்டுமா?

வேண்டும். போர்டு அனுப்பும் செய்திகளைக் கணினியில் எழுத்தாகப் படிக்கும் வயர் இணைப்பு அது. திரை வராதவரை உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அது ஒன்றுதான் கண். மூன்று வயர் போதும்: தரை, அனுப்புவது, வாங்குவது. கணினிப் பக்கத்தின் அனுப்பும் வயர், போர்டின் வாங்கும் புள்ளிக்குப் போக வேண்டும். 3.3 வோல்ட் அளவில் இயங்கும் யூஎஸ்பி மாற்றியையே வாங்குங்கள். நான்காவதாக இருக்கும் மின்சார வயரை எதிலும் சேர்க்காதீர்கள். ஆல்வின்னருக்கு வேகம் நொடிக்கு 115200 பிட். ராக்சிப் போர்டுகள் பலவற்றில் 1500000. மலிவு மாற்றிகள் சில அந்த வேகத்தில் குப்பை எழுத்தாகக் கொட்டும்.

போர்டில் சீரியல் புள்ளியே காணோம் என்றால் ஆல்வின்னரில் ஒரு தந்திரம் உண்டு. முதல் சீரியல் போர்ட்டை எஸ்டி கார்டுக் கால்கள் வழியாகவும் வெளியே கொண்டு வரலாம். கார்டு வடிவத்தில் கால்களை வெளியே நீட்டித் தரும் சின்ன போர்டு கிடைக்கிறது, அதைச் செருகிக் கேட்கலாம். ஆனால் அப்போது கார்டிலிருந்து பூட் செய்ய முடியாது.

அப்போது எப்படி பூட் செய்வது? கார்டும் இல்லை, ஃப்ளாஷும் கெட்டுவிட்டது என்றால்?

ஃபெல் முறை. எங்கும் பூட்லோடர் கிடைக்காவிட்டால் ஆல்வின்னர் சிப் யூஎஸ்பி வழியாகக் கட்டளைக்குக் காத்திருக்கும். சன்க்ஸி-ஃபெல் கருவியால் யூ-பூட்டை நேராக ரேமுக்கே அனுப்பலாம். ஆகவே இந்தச் சிப்பை மென்பொருளால் செங்கல்லாக்குவது ரொம்பக் கஷ்டம். சில ஃப்ரேம்களில் பென் டிரைவ் செருகும் பெரிய யூஎஸ்பி வாய்தான் இந்தக் கட்டளையை வாங்கும் போர்ட்டாக இருக்கும். இருபக்கமும் ஒரே மாதிரி முனை உள்ள கேபிள் தேவைப்படும்.

என்னுடையது ராக்சிப். அதே வழிதானா?

இல்லை. ராக்சிப்பில் வரிசை தலைகீழ்: உள் நினைவகத்தை முதலில் பார்த்துவிட்டு, அங்கே ஒன்றும் இல்லாவிட்டால்தான் கார்டுக்கு வரும். அதனால் உள்ளே இருப்பதைத் தொட்டே ஆக வேண்டும். மாஸ்க்ராம் என்ற மீட்பு முறையும், அதற்கு ஆர்கே டெவலப்டூல் என்ற கருவியும் உண்டு. நகல் கையில் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வைஃபையும் டச்சும் வேலை செய்யுமா?

ரியல்டெக் 8723பிஎஸ் என்றால் கவலை வேண்டாம்; 2017-இல் வந்த 4.12 கர்னலிலிருந்தே டிரைவர் இருக்கிறது, சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பை மட்டும் டெபியனின் ரியல்டெக் பொதியிலிருந்து சேர்க்க வேண்டும். அறிமுகமில்லாத சிப் என்றால் மல்லுக்கட்டாமல் சின்ன யூஎஸ்பி வைஃபை ஒன்றைச் செருகிவிடுங்கள்.

டச்சில் குடிக்ஸ் சிப் எளிது. சைலீட் சிப்புக்கு டிரைவர் உண்டு, ஆனால் ஒவ்வொரு கண்ணாடிக்கும் தனி ஃபர்ம்வேர். பழைய ஆண்ட்ராய்டிலிருந்து எடுத்து வைத்திருந்தால்தான் பிழைத்தீர்கள்.

தமிழ் எழுத்து சரியாகத் தெரியுமா?

வெறும் லினக்ஸ் கன்சோலில் தெரியாது. அதன் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்களுக்குத்தான் இடம்; அதைவிடப் பெரிய சிக்கல், எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கத் தெரியாது. 'கொ' என்பதில் ககரம் முதலில் சேமிக்கப்பட்டிருந்தாலும் கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் போக வேண்டும். அதைச் செய்வது ஹார்ஃப்பஸ், பாங்கோ போன்ற நூலகங்கள்.

நான் செய்தது எளிய வழி. தேதி, கிழமை, அன்றைய குறிப்பு எல்லாவற்றையும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் பாங்கோ மூலம் 1024×600 படமாகவே வரைந்துவிடும். ஃப்ரேமைப் பொறுத்தவரை அதுவும் ஒரு போட்டோதான். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ். லோகித் கொஞ்சம் மெலிந்து தெரிந்தது. முழு பிரவுசரை ஏற்றியும் பார்த்தேன். 512 எம்பி ரேமில் அது மூச்சு வாங்கியது.

படம் மாற நேரம் பிடிக்கிறது. ஏன்?

கைபேசிப் படத்தை அப்படியே போட்டிருப்பீர்கள். 4000×3000 படம் என்றால் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் வைத்தாலே 48 எம்பி. காட்டப்போகும் திரைக்குத் தேவையோ 2.4 எம்பி. லேப்டாப்பிலேயே சுருக்கி, பக்கவாட்டில் எடுத்தவற்றைத் திருப்பி வைத்துவிட்டு ஏற்றுங்கள். காட்டுவதற்கு எஃப்பிஐ என்ற சின்ன நிரல் போதும், டெஸ்க்டாப் எதுவும் தேவையில்லை.

கரண்ட் போய்ப் போய் வந்தால் கார்டு கெடாதா?

கெடும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு முறைமை சிதையும். அதனால் டெபியன் இருக்கும் பகுதியைப் படிக்க மட்டும் என்று ஏற்றி, மாற்றங்கள் எல்லாம் ரேமில் தங்கும்படி ஓவர்லே போட்டிருக்கிறேன். படங்கள் தனிப் பகுதியில். புதிதாகச் சேர்க்கும்போது மட்டும் அது எழுதத் திறக்கும். போர்டில் கடிகார பேட்டரி இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் நேரம் 1970-க்குப் போய் நிற்கும், வைஃபை கிடைத்ததும் இணையத்திலிருந்து சரியாகிவிடும்.

என்னுடையது முதல் ரகம். லினக்ஸ் ஓடாது. வேறென்ன செய்யலாம்?

லினக்ஸ் ஃப்ரேமுக்குள் ஓட வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால் நிறைய. சாம்சங் எஸ்பிஎஃப்-87எச் போன்ற ஃப்ரேம்கள் யூஎஸ்பி வழியாகக் குட்டி மானிட்டர் ஆகும். சாதாரணமாகப் பென் டிரைவ் போல் தெரியும் ஃப்ரேமுக்கு ஒரு கட்டளை அனுப்பினால் முகம் மாறும். பிறகு 800×480 ஜேபெக் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளினால் காட்டிக்கொண்டே இருக்கும். குட்டித் திரைகளில் தகவல் காட்டும் எல்சிடி4லினக்ஸ் நிரலுக்கு இது தெரியும். மேலே சொன்ன எஸ்டி2205யூ, ஏஎக்ஸ்206 குட்டி ஃப்ரேம்களுக்கும் மாற்று ஃபர்ம்வேர் எழுதி, அதே நிரலோடு பேச வைத்திருக்கிறார்கள். சர்வர் பெட்டியின் மேல் வெப்பநிலை காட்ட அழகாக இருக்கும்.

இன்னொரு வழி, குடலை எடுத்துவிட்டுத் தோலை வைத்துக்கொள்வது. பேனல் நம்பரைச் சொன்னால் அதற்கேற்ற எச்டிஎம்ஐ போர்டு விற்கிறார்கள். ஆர்டிடி2662 சிப் உள்ளவை அதிகம். அதன் பின்னால் ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற குட்டிக் கணினியை வைத்தால் 512 எம்பி ரேமோடு முழு லினக்ஸ். 2021-இல் அறிவித்த விலை 15 டாலர். வாங்கும் முன் பேனலைப் பாருங்கள். பழைய 7 அங்குல ஃப்ரேம்கள் பலவற்றில் 480×234 அனலாக் பேனல்தான் இருக்கும். அதற்குச் செலவு செய்யாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் முகம்கூட அடையாளம் தெரியாது. பின்விளக்கு எல்இடி இல்லாமல் குழல் விளக்காக இருந்தால் இன்வெர்ட்டர் போர்டை ஓடும்போது தொடாதீர்கள். அடாப்டர் 12 வோல்ட் என்றாலும் அங்கே பல நூறு வோல்ட் இருக்கும்.

பழைய ஃப்ரேமை செகண்ட்-ஹேண்டில் வாங்கலாமா?

லினக்ஸுக்காகவே வாங்குவது என்றால் வேண்டாம். சிப் என்னவென்று தெரியாமல் கொடுக்கும் காசு அது. வீட்டில் கிடப்பதற்குத்தான் இத்தனை பாடு.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், விண்டோஸ் கணினியில் அதைச் செருகாதீர்கள். 2008 தொடக்கத்தில் அமெரிக்காவில் பெஸ்ட் பை கடை விற்ற இன்சிக்னியா 10.4 அங்குல ஃப்ரேம்களில் சில, தொழிற்சாலையிலிருந்தே வைரஸோடு வந்தன, விற்பனையை நிறுத்தினார்கள். புதுசுக்கே அந்தக் கதி. லினக்ஸ் லேப்டாப்பில் செருகி, உள் நினைவகத்தைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கரண்ட் பில் ஏறுமா?

என்னுடையது 5 வோல்ட் அடாப்டரில் ஏறக்குறைய 5 வாட் இழுக்கிறது. நாள் முழுக்க ஓடினாலும் மாதத்துக்கு 3.6 யூனிட். ராத்திரி 10 மணிக்கு விளக்கை அணைத்துக் காலை 6-க்கு ஏற்றும்படி வைத்திருப்பதால் அதிலும் குறைவு.

வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. பழையபடி ஆண்ட்ராய்டுக்குப் போக முடியுமா?

ஏ33 என்றால், எஸ்டி கார்டை உருவிவிட்டு ஆன் செய்யுங்கள்.